முப்பது பெயரும் ஓர் எழுத்தும்

கடலுக்கடியில் இருக்கும் நாட்டிலிருந்து முதல் கடிதம் வந்த செவ்வாய்க்கிழமை காலையில், அரசு வரவேற்பு மரபுத் துறையின் தலைமை அதிகாரி செலஸ்தீனாள் முதலில் கவனித்தது கடிதம் சொட்டச் சொட்ட நனைந்திருந்ததை அல்ல, அதன் இடது ஓரத்தில் சரியாக இரண்டு விரற்கடை இடம் விட்டிருந்ததைத்தான். மேசைமேல் ஒரு தட்டளவு உப்புத்தண்ணீர் தேங்கி, அதில் இரண்டு கூனி இறால் துள்ளிக்கொண்டிருக்க, நடுவே கடிதம் கிடந்தது. முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. தேதி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு எழுதும்போது ‘நான்’ என்றும் ‘நாங்கள்’ என்றும் எழுதக் கூடாது என்ற விதியைத் தரைக்கு மேலே இருக்கும் பாதி நாடுகளே மறந்துவிட்டபோது, அந்தக் கடிதம் மறக்கவில்லை.

“அடிக்கடல் நாட்டின் வெளிவிவகார அமைச்சு தங்கள் மேன்மைமிகு துறைக்குத் தன் வணக்கங்களைத் தெரிவித்துக்கொள்கிறது. அந்நாட்டின் முதல் தூதர் வரும் இருபத்திரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்குமணல் கரையில் இறங்குவார். மூன்று ஆண்டுகளுக்கு முன் வீசிய காற்றில் தங்கள் கரையிலிருந்து வந்து அந்நாட்டில் குடியேறியோரின் பெயர்ப்பட்டியலை அவர் முறைப்படி ஒப்படைப்பார்.”

செலஸ்தீனாள் பிழை தேடிப் படித்தாள். பிழை இல்லை என்று திருப்திப்பட்டாள். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் ‘சங்குமணல்’ என்ற சொல் கண்ணில் பட்டது. நின்றுகொண்டிருந்தவள் உட்கார்ந்தாள். பியூன் வந்து மேசையைத் துடைத்து, கூனி இறால்களைத் தேநீர்க் கோப்பையில் போட்டு எடுத்துப் போகும்வரை எழுந்திருக்கவில்லை.

சங்குமணல் எங்கள் ஊர். அவளுக்கும் அதுதான் ஊர். எங்கள் கரையில் பிறந்து, மீன்கூடை சுமந்த அம்மாவின் பின்னால் நடந்து, இருபத்தோரு வயதில் தட்டச்சு தெரியும் என்ற ஒரே தகுதியோடு தலைநகரத்துக்குப் பஸ் ஏறி, முப்பத்தாறு வருடம் அதே துறையில் படிப்படியாக ஏறியவள். எங்கள் நாடு சின்ன நாடு. வரைபடத்தில் புளியங்கொட்டை அளவுக்குத்தான் இருக்கும். ஆனாலும் வருகிறவர்கள் பெரியவர்கள். ஒருமுறை ஒரு மன்னர், தன் நாற்காலி நம் அமைச்சரின் நாற்காலியைவிட அரை அங்குலம் தாழ்ந்திருக்கிறது என்று உட்கார மறுத்து நின்றபோது, செலஸ்தீனாள் தச்சரைக் கூப்பிட்டு அமைச்சரின் நாற்காலிக் கால்களை அந்த இடத்திலேயே அறுக்கச் சொன்னாள். இன்னொருமுறை, விமானம் இறங்க மூன்று மணி நேரம் இருக்கையில், வருகிற நாட்டின் தேசிய கீதம் போலீஸ் பேண்டுக்குத் தெரியாது என்று கண்டுபிடித்து, அந்தத் தூதரகத்துச் சமையற்காரரை வெங்காயம் உரித்த கையோடு அழைத்துவந்து முணுமுணுக்க வைத்து, அதை வாசிக்கப் பழக்கினாள். போரிட்ட இரண்டு நாட்டுத் தூதர்களை ஒரே விருந்தில் உட்கார வைக்க நேர்ந்தால் நடுவில் ஒரு தூண் வருகிற மாதிரி பார்த்துக்கொண்டாள். கல்யாணம் செய்துகொள்ள நேரமில்லை, அல்லது நேரம் வந்தபோது அவள் ஏதோ ஒரு விமான நிலையத்தில் பூங்கொத்தோடு நின்றுகொண்டிருந்தாள். ஓய்வு பெற இன்னும் பதினோரு மாதம் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அடித்த காற்று எங்கள் கரையிலிருந்து முப்பத்தொரு பேரைக் கொண்டுபோனது. உடல் ஒன்றும் ஒதுங்கவில்லை. அந்த முப்பத்தொரு பேரில் ஒருவன் ததேயு, செலஸ்தீனாளின் தம்பி, அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன், அம்மா செத்த பிறகு அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன்.

செயலர் வேதகிரி கடிதத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். “அம்மா, இப்படி ஒரு நாடு இருக்குன்னு நம்மகிட்ட பதிவு இருக்கா?”

“இல்ல சார்.”

“இல்லைன்னு பதிவு இருக்கா?”

“அதுவும் இல்ல சார்.”

அமைச்சரவை மூன்று மணி நேரம் கூடிப் பேசியது. நம் எல்லையின் மிகப் பெரும்பகுதி அந்த நாட்டோடுதான் இருக்கிறது, நம் கப்பல்களெல்லாம் அதன் வானத்தில்தான் போகின்றன, இத்தனை நாளும் நாம்தான் ஒரு வார்த்தை கேட்காமல் போய்வந்திருக்கிறோம் என்று யாரோ சொன்னதும் எல்லாரும் அடங்கிப்போனார்கள். தூதரை முழு மரியாதையோடு வரவேற்பது என்று முடிவாயிற்று. சட்டத்துறை ஒரு குறிப்பு மட்டும் எழுதிச் சேர்த்தது. நம் சட்டப்படி காணாமற்போனவர் பன்னிரண்டு வருடத்துக்குக் காணாமற்போனவரே. ஆனால் அரசு விழாவில் பட்டியல் உரக்கப் படிக்கப்பட்டு, மரபு அதிகாரி கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டால், அதில் உள்ளவர்கள் அந்தக் கணமே வேறு நாட்டுக் குடிமக்கள். அவர்கள் இனி வரமாட்டார்கள் என்று அரசு அன்றே குடும்பங்களுக்குத் தாள் கொடுக்கலாம்.

அந்தத் தாளுக்காக எங்கள் ஊரில் பாதிப்பேர் மூன்று வருடமாக அலுவலகம் அலுவலகமாக அலைந்திருந்தார்கள். மீதிப்பேர் அந்தத் தாளை நினைத்தாலே காதைப் பொத்திக்கொண்டார்கள்.

அலைந்தவர்களுக்கு முன்னால் நின்றவள் அனிற்றா. கல்யாணமாகி ஏழு மாதத்தில் புருஷன் ரெக்சனைக் காற்றுக்குக் கொடுத்தவள், இருபத்தாறு வயது. ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்தார். தாள் இல்லாமல் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க முடியாது என்று சாமியார் சொல்லியிருந்தார். காதைப் பொத்திக்கொண்டவர்களுக்கு முன்னால் நின்றவள் செசிலி, ததேயுவின் பெண்சாதி. பதினேழு வருடம் பிள்ளையில்லாமல் அவனோடு வாழ்ந்தவள். வெள்ளிக்கிழமை தோறும் அவன் படத்தை எடுத்துக்கொண்டு துறைமுக அலுவலகத்துக்குப் போய், வந்திறங்கிய ஒவ்வொரு கப்பல்காரரிடமும் காட்டிவிட்டு வருவாள்.

“தூதரும் வேண்டாம், துரையும் வேண்டாம். எம் புருஷன் உசுரோட இருக்காக” என்று செலஸ்தீனாளிடம் சொன்னாள். “நீங்க கம்பளம் விரிச்சா, அது அவுக மேல விரிச்ச கோடித்துணி மைனி. பாத்துக்கிடுங்க.”

“நான் வரவேற்கலைன்னாலும் வேற ஒருத்தர் வரவேற்பாங்க செசிலி.”

“அப்ப வேற ஒருத்தர் வரவேற்கட்டும்.”

ஆனால் செலஸ்தீனாள்தான் வந்தாள். மணலில் கம்பளம் நிற்காது என்று பாய் பின்னச் சொன்னாள். அடிக்கடல் நாட்டின் கொடி சாயமிடாத வெறும் துணி என்று இரண்டாவது கடிதம் சொன்னது. எங்கள் படகுப்பாய் தைப்பவர் அதைத் தைத்துக் கொடுத்தார். தேசிய கீதம் எழுபது விநாடி மௌனம். போலீஸ் பேண்டு அதை இரண்டு நாள் பயிற்சி செய்தது. முரசு அடிப்பவர் மட்டும் இரண்டு முறை தவறிவிட்டார். எங்கள் ஊருக்குள் வேறு ஏற்பாடுகள் நடந்தன. தூதர் திரும்பிப் போகும்போது கொடுத்தனுப்ப என்று வீட்டுக்கு வீடு பொட்டலம் கட்டினார்கள். மீனும் கருவாடும் அங்கே இருக்கும் என்று விட்டுவிட்டு, புளி, வெற்றிலை, பீடிக்கட்டு, மூக்குக்கண்ணாடி, திருவிழா ரொட்டி, மூன்று வருடத்தில் பிறந்த பிள்ளைகளின் படம் என்று எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டினார்கள். வேண்டாம் என்று சொன்ன வீடுகளும் கட்டின. செசிலி மட்டும் கட்டவில்லை.

வெள்ளிக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு அலை ஒன்று ஒதுங்கி வழிவிட, தூதர் கரையேறினார். நடுத்தர வயதுப் பெண். கொண்டையை இறுக்கி முடிந்து, பழைய காலத்து நர்சுகள் கட்டுவதுபோல வெள்ளைச் சேலையை மடிப்புக் கலையாமல் கட்டியிருந்தார். சேலையிலிருந்து தண்ணீர் இடைவிடாமல் வடிந்துகொண்டிருந்தது. நின்ற இடமெல்லாம் மணல் குழைந்தது. செலஸ்தீனாள் மூன்றடி முன்னே போய்க் கைகூப்பினாள். தூதரும் கூப்பினார். பேண்டு எழுபது விநாடி வாசிக்காமல் நின்றது, முரசுக்காரர் தவறவில்லை, அந்த மௌனத்தில் எங்கள் ஊர் நாய்கள்கூடக் குரைக்காததை நாங்கள் பிறகு பேசிக்கொண்டோம்.

தூதர் எண்ணெய்த்துணியில் சுற்றிய தாளை எடுத்துக் கொடுத்தார். “வந்து சேர்ந்த வரிசையில் எழுதியிருக்கிறோம்” என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

செலஸ்தீனாள் படிக்கத் தொடங்கினாள். வெளிநாட்டுப் பெயர்களை நாக்குப் பிறழாமல் படித்தே முப்பத்தாறு வருடம் சம்பளம் வாங்கியவள், எங்கள் பெயர்களைப் படிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் மூச்சு வாங்கினாள். முதல் பெயருக்கு ஓர் ஓலம் எழுந்தது. இரண்டாவதுக்கு வேறோர் இடத்திலிருந்து எழுந்தது. ஏழாவது பெயர் ரெக்சன். தாள் வேண்டும் தாள் வேண்டும் என்று மூன்று வருடம் அலைந்த அனிற்றா, எல்லாரையும்விடப் பெரிதாகக் கத்திக்கொண்டு மணலில் விழுந்து மண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். அவள் தெரிந்துகொள்ள விரும்பியது இதைத்தான் என்று நினைத்திருந்த நாங்கள் திடுக்கிட்டுப் போய்ப் பார்த்தோம். பதினைந்து, இருபது, இருபத்தைந்து. ஒவ்வொரு பெயரையும் படிக்கும் முன்னால் செலஸ்தீனாளின் கண் அடுத்த வரிக்கு ஓடிப்போய்த் திரும்பியது. செசிலி பாயின் ஓரத்தில், படத்தை மார்போடு பிடித்தபடி, இமைக்காமல் நின்றாள். இருபத்தொன்பது. முப்பது.

முப்பதோடு முடிந்தது. செலஸ்தீனாள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். எண்ணெய்த்துணிக்குள் பார்த்தாள். பிறகு, விழாவில் கேள்வி கேட்கக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள், கேட்டாள்:

“முப்பது பேர்தானா? போனவங்க முப்பத்தொரு பேர்.”

“எங்கள் நாட்டில் எண்ணிக்கை தவறாது அம்மா” என்றார் தூதர். “வந்தவர்கள் எல்லாரும் இதில் இருக்கிறார்கள். இதில் இல்லாதவர் எங்களிடம் வரவில்லை.”

முதலில் யாரோ கைதட்டினார்கள். “ததேயு பிழைச்சிருக்கான்!” என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. அழுதுகொண்டிருந்த பெண்களே எழுந்து ஓடிவந்து செசிலியைக் கட்டிக்கொண்டார்கள். “நீ சொன்னியே, சொன்னியே, ஒத்தையா நின்னு சொன்னியே” என்று அவள் கன்னத்தைத் தடவினார்கள். செசிலியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு நிமிஷம் இருந்திருக்கும். பிறகு கட்டிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கணக்கு ஒவ்வொருவர் முகத்திலும் ஏறுவதை நாங்கள் பார்த்தோம். மூன்று வருடம். கடலில் சாகவில்லை. கரையில்தான் எங்கோ இருக்கிறான். கரையில் எங்கிருந்தாலும் பஸ் உண்டு, போன் உண்டு, தபால் உண்டு.

செசிலிக்குக் கடைசியாகத்தான் புரிந்தது. கன்னத்தில் அறை வாங்கியவள்போல் முகம் ஒரு பக்கம் திரும்பியது. “உசுரோட இருக்காக” என்றாள். பிறகு மெல்ல, வேறு யாரிடமோ கேட்பதுபோல், “அப்ப ஏன் வரல?” என்றாள்.

பாயின்மேல் நடந்து வந்தாள். காவலர்கள் தடுக்கவில்லை, தடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. செலஸ்தீனாளின் எதிரில் நின்று, “மைனி, அவுக பேரையும் எழுதிருங்க” என்றாள்.

“செசிலி…”

“முப்பத்தொண்ணுன்னு எழுதுங்க. ஊரெல்லாம் பொணத்துக்கு அழுவுது, நான் மட்டும் எதுக்கு அழ? எழுதுங்க.”

தூதர் இருவரையும் பார்த்தார். “எழுதலாம்” என்றார். “தடையில்லை. ஆனால் பட்டியலில் இருப்பவர் எங்கள் குடிமகன். எங்கள் குடிமக்கள் எங்கே இருந்தாலும் நாங்கள் அழைத்துக்கொள்வோம்.”

அது என்னவென்று எல்லாருக்கும் விளங்கியது. செலஸ்தீனாள் கையில் பேனா திறந்திருந்தது, கையெழுத்துப் போடுவதற்காக. அந்தப் பேனாவைச் செசிலி பிடுங்கியபோது அவள் விரல்கள் இறுகவில்லை. இறுக்கியிருக்கலாம். ஒரு நாட்டின் ஆவணத்தில் இன்னொருவர் கைவைப்பதைத் தடுப்பது அவள் வேலை. தம்பியின் உயிரைக் காப்பது அதற்கும் முந்தைய வேலை. இரண்டையும் அவள் செய்யவில்லை. தானும் அந்த ஒரு கணம் அவன் செத்துப்போகட்டும் என்று நினைத்ததாகப் பிற்பாடு அவளே எங்களிடம் சொன்னாள்.

செசிலி முப்பதாவது பெயருக்குக் கீழே ‘த’ என்று எழுதினாள். அந்த ஓர் எழுத்தோடு கை நின்றுவிட்டது. பதினேழு வருடம் சோறு போட்ட கை. அடுத்த எழுத்துக்கு அது நகரமாட்டேன் என்றது. பேனா கீழே விழுந்தது. செசிலி திரும்பிப் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

“ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்தளவு உரிமை” என்றார் தூதர், வருத்தமும் கோபமும் இல்லாமல். செலஸ்தீனாள் பேனாவைக் குனிந்து எடுத்து, மணலைத் துடைத்து, ‘முப்பது பெயரும் ஓர் எழுத்தும் பெற்றுக்கொள்ளப்பட்டன’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். தூதர் பொட்டலங்களையெல்லாம் வாங்கிக்கொண்டு, வந்த வழியே இறங்கிப் போனார்.

பிறகு ஊர் அதன் வேலையைப் பார்த்தது. முப்பது வீட்டுக்கும் தாள் வந்தது. முப்பது பேருக்கும் ஒரே பூசை. சிலுவைகளின் கீழே புதைக்க ஒன்றுமில்லாததால் அவரவர் சட்டையை மடித்து வைத்துப் புதைத்தோம். தை மாதம் அனிற்றாவுக்கும் ஐஸ் கம்பெனிக்காரருக்கும் கல்யாணம் நடந்தது. நாங்கள் எல்லாரும் போய்ச் சாப்பிட்டோம். செசிலிக்குத்தான் என்ன சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. துக்கம் கேட்கவும் முடியாது, சந்தோஷம் கேட்கவும் முடியாது. அவளைப் பார்த்தால் வலையை உதறுவதுபோலவோ பிள்ளையைக் கூப்பிடுவதுபோலவோ வேறு பக்கம் திரும்பினோம். செலஸ்தீனாள் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்தாள். செசிலி தேநீர் கொடுப்பாள், பேசமாட்டாள்.

தவக்காலத்தில் ஒரு லாரிக்காரர் செய்தி கொண்டுவந்தார். வடதுறையில், நானூறு மைலுக்கு அப்பால், ஒரு பரோட்டாக் கடையில் வேலை செய்பவனின் கால் முழங்கால்வரை எந்நேரமும் நனைந்தபடியே இருக்கிறதாம். துடைத்தாலும் நனையுமாம். உப்புத்தண்ணீராம். முதலில் கடைக்காரர் தரை வழுக்குகிறது என்று வெளியே அனுப்பினாராம். பிறகு அந்த ஊர்க்காரர்களும் பழகிக்கொண்டார்களாம். சந்தையில் மீன் விற்கும் பெண்கள், மீன் காயாமல் இருக்க அவனைத் தங்கள் கூடைகளுக்கிடையில் நடந்துவரச் சொல்லி அரைக் கூலி கொடுக்கிறார்களாம்.

குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள் காலை பத்தரை மணிக்கு ததேயு வந்து இறங்கினான். கண்டக்டர் அவனைப் படிக்கட்டிலேயே நிற்க வைத்துக் கூட்டி வந்திருந்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து வீடுவரை அவன் நடந்த தடம் கோடாக ஈரமாகத் தெரிந்தது. நாங்கள் யாரும் கிட்டப் போகவில்லை. செலஸ்தீனாளுக்கு யாரோ போன் செய்ய, அவள் அரசுக் காரில் முக்கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தாள். அதுவரை அவன் வாசலிலேயே நின்றான். செசிலி கதவைத் திறக்கவில்லை.

அக்காவைப் பார்த்ததும் அவன் அழுதான். “காத்துல அடிச்சுட்டுப் போச்சுக்கா. ஒரு கப்பல்காரன் தூக்கி வடதுறையில விட்டான். ரெண்டு நாள் ஆஸ்பத்திரில கெடந்தேன். ஊருல எல்லாரும் நான் செத்துட்டேன்னு நெனச்சிருப்பாங்கன்னு தோணுச்சு. அது… லேசா இருந்துச்சுக்கா. கடன் இல்ல, படகு இல்ல, யாரும் என்கிட்ட எதுவும் கேக்கல. நாளைக்குப் போவம், நாளைக்குப் போவம்னு இருந்தேன்.”

செலஸ்தீனாள் அவனை ஓங்கி அறைந்தாள். முப்பத்தாறு வருடம் யார்மீதும் ஓங்காத கை அது. அறைந்த பிறகு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் கதவு திறந்தது. செசிலி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து தெருவில் போட்டாள், வீட்டுக்குள் அல்ல. ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“அங்க ஒரு பொம்பள இருக்காளா?”

“இருக்கா.”

“புள்ள?”

“ஒண்ணு. பொம்பளப்புள்ள. ஒண்ணர வயசு.”

“பேரு என்ன?”

அவன் செம்பைக் கீழே வைத்தான். தெருவே கேட்டுக்கொண்டு நின்றது.

“செசிலி” என்றான்.

எங்களில் ஒருத்தி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். செசிலி அடுத்துக் கேட்டது நாங்கள் எதிர்பாராத ஒன்று.

“அவ காலும் நனையுதா?”

அவன் நிமிர்ந்தான். “தூக்கி வச்சா நனையுது. என் மேல படுத்தா அவளும் நனையுறா. காய்ச்சல் விடவே மாட்டேங்குது. தாள்ல எழுத்து விழுந்த கதைய லாரிக்காரர் சொன்னாரு, அதுக்குத்தான் வந்தேன் செசிலி. எனக்காக வரல.”

செசிலி செலஸ்தீனாளிடம் திரும்பினாள். பல மாதங்களுக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. “மைனி, அந்தத் தாள எடுத்துட்டு வாங்க.”

வேறு நாட்டின் ஆவணம் அது. பெட்டகத்திலிருந்து எடுக்கவே செயலரின் அனுமதி வேண்டும். அதில் ஒரு புள்ளியை மாற்றினாலும் வேலை போகும், சிறையும் வரலாம். செலஸ்தீனாள் இதையெல்லாம் சொல்லவில்லை. காரில் ஏறிப் போனாள். பெட்டகத்தைத் திறந்து, பதிவேட்டில் ‘எடுத்தவர்’ என்ற இடத்தில் தன் பெயரை எழுதி, தாளைக் கைப்பையில் வைத்து, ஒன்றரை மணிக்கெல்லாம் திரும்பி வந்தாள்.

செசிலி நின்றபடியே முந்தானை நுனியை நாக்கில் நனைத்து, அந்த ‘த’வைத் துடைத்தாள். இரண்டு இழுப்பில் அது போய்விட்டது. எல்லாரும் ததேயுவின் காலைப் பார்த்தோம். சொட்டிய தண்ணீர் நின்றது. கொஞ்ச நேரத்தில் வேட்டிக் கரை வெளுத்தது. காலில் உப்பு மட்டும் சாம்பலாகப் படிந்திருந்தது. அவன் எழுந்து, வீட்டுக்குள் அழைப்பாளோ என்று ஒரு நிமிஷம் நின்றான்.

“அஞ்சு மணிக்குப் பஸ் இருக்கு” என்றாள் செசிலி. “புள்ளைக்குக் காய்ச்சல் விட்டா ஒரு கடுதாசி போடுங்க.” உள்ளே போனாள். ததேயு பஸ்ஸுக்கு நடந்தான். இந்தமுறை அவன் தடம் தெருவில் விழவில்லை.

செலஸ்தீனாள் மாலையில் தலைநகரத்துக்குத் திரும்பினாள். மறுநாள் காலை எட்டு மணிக்கே அலுவலகம் வந்தாள். தாளைப் பெட்டகத்தில் திருப்பி வைத்துவிட்டு, நடந்ததை ஒன்று விடாமல் எழுதி வேதகிரியின் மேசைமேல் வைப்பது என்று முடிவு செய்திருந்தாள். கடிதம் எழுதி முடித்தாயிற்று; கைப்பையில் தாளோடு அதுவும் இருந்தது.

வாசலில் காவலர் திகைத்துப்போய் நின்றிருந்தார். “யாரும்மா இவங்க? ஆறு மணியிலேர்ந்து நிக்கிறாங்க. யாரப் பாக்கணும்னு கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க.”

சுவரோரமாக வரிசை நின்றது. முதல் பஸ்ஸில் வந்த எங்கள் ஊர்ப் பெண்கள், வீட்டுக்கு ஒருத்தியாக முப்பது பேர். அம்மாக்கள், பெண்சாதிகள், ஓர் அக்கா, வயதுக்கு வந்த ஒரு மகள். ஒவ்வொருத்தியும் முந்தானையின் நுனியை வலது கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். செலஸ்தீனாள் அந்த நுனிகளைப் பார்த்தாள், எல்லாமே நனைந்திருந்தன.

வரிசையில் முதலாவதாக நின்றவள் அனிற்றா. கழுத்தில் புதுத் தாலி. சாலைக்கு எதிர்ப்புறம், மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஐஸ் கம்பெனிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

செலஸ்தீனாள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். “அனிற்றா, அவன் உசுரோட இருந்தவன். அவன் மேல இருந்த பிடியத்தான் தொடச்சோம். இவங்க அங்கேயே போயிட்டவங்க. தொடச்சா வருவாங்களான்னு எனக்குத் தெரியாது.”

“தெரியாதுன்னு எங்களுக்கும் தெரியும்க்கா.”

“பேரு போச்சுன்னா தாளும் போச்சு. உன் கல்யாணம் செல்லாமப் போயிரும்.”

அனிற்றா சாலைக்கு அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். “அவர்கிட்ட சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்” என்றாள். அவள் உதடு கோணியது; அழவில்லை. “பையத் திறங்கக்கா.”

செலஸ்தீனாள் காவலரை வாசலைத் திறக்கச் சொன்னாள். வெளிநாட்டு விருந்தினரை உட்கார வைக்கும் பெரிய கூடத்துக்கு முப்பது பேரையும் அழைத்துப் போனாள். நீண்ட மேசையின் நடுவில் தாளை விரித்து, காற்றில் பறக்காமல் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அனிற்றா குனிந்தாள். அவளுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. நனைந்த நுனி சுற்றிய விரலை நேரே கொண்டுபோய் ஏழாவது வரியில் வைத்தாள்.